கேமரா யாரைத் தேடுகிறது?

(மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கண்காணிப்பு என்று பேச்செடுத்தாலே, "இப்போ எல்லாருமே கேமராவுலதான் இருக்கோம்" என்கிறார்கள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லை நான் நம்புவதில்லை. ஏன் என்பதை ஒரு கலைப்படைப்பிலிருந்து சொல்கிறேன்.

2014 செப்டம்பர் 26 இரவு, மெக்சிகோவின் இகுவாலா நகரில் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்களை உள்ளூர்க் காவலர்கள் வழிமறித்துப் பிடித்தார்கள். 43 பேர் வீடு திரும்பவில்லை. பெரும்பாலும் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள், பழங்குடியினரும் உண்டு. இதுவரை மூவரின் எலும்புத் துண்டுகள்தான் அடையாளம் காணப்பட்டுள்ளன.

ஆறு மாதம் கழித்து ரஃபேல் லொசானோ-ஹெம்மர் என்ற கலைஞர் 'லெவல் ஆஃப் கான்ஃபிடன்ஸ்' என்ற படைப்பை வெளியிட்டார். ஒரு திரை, ஒரு கேமரா, அவ்வளவுதான். நீங்கள் எதிரே போய் நின்றால், முகம் அறியும் மென்பொருள் உங்கள் முகத்தை அந்த 43 முகங்களோடு ஒப்பிடும். யாருடைய சாயல் உங்களிடம் அதிகம், எத்தனை விழுக்காடு உறுதி என்று காட்டும். தேடப்படுபவர் ஒருபோதும் கிடைக்கமாட்டார். குற்றவாளியைப் பிடிக்க என்று காவல்துறை வாங்கும் அதே கருவி, இங்கே காவலர்கள் பிடித்துப்போன பிள்ளைகளைத் தேடுகிறது. வேடிக்கை பார்க்க வந்தவர் தன் முகத்தில் அவர்களில் ஒருவனைப் பார்த்துவிட்டுப் போகிறார்.

நம் ஊருக்கு வருவோம். நாக்பூர், சண்டிகர் மாநகராட்சிகள் தூய்மைப் பணியாளர்களின் கையில் ஜிபிஎஸ் கடிகாரம் கட்டின. எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அலுவலகத் திரையில் தெரியும். அந்த வேலையை எந்தச் சாதிகள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் சொன்னது: கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை. சாக்கடைக் குழியில் மூச்சுமுட்டிச் செத்தவர்களை 'ஆபத்தான துப்புரவு' என்று வேறு கணக்கில் எழுதிவிட்டார்கள். உயிரோடு இருக்கையில் அடிக்கு அடி கணக்கு. செத்தால் எந்தக் கணக்கு என்பதிலேயே தகராறு.

இது புதிதல்ல. யார் செருப்புப் போட்டார், யார் யாரோடு பேசினார் என்று ஊர் சேரியைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. அதற்கு ஜிபிஎஸ் தேவைப்படவில்லை.

அதனால் டிஜிட்டல் கலை செய்யும் தோழர்களிடம் கேட்கிறேன்: சாக்கடையில் செத்தவர்களைத் தேடும் ஒரு கேமராவை இங்கே வைக்க முடியுமா? முதலில் குடும்பங்களிடம் சம்மதம் கேளுங்கள். லொசானோ-ஹெம்மர், படைப்பு விற்றால் வரும் பணம் அந்த மாணவர்களின் சமூகத்துக்கே என்றார். நாமும் அங்கிருந்து தொடங்கலாம்.