கடல் தெரியாத ஜன்னல்

இன்னைக்கு ஒரு வீட்டைப் பத்திப் பேசப் போறேன்.

யூரோ வர்றதுக்கு முன்னாடி ஸ்பெயின்ல பெசெட்டாதான் பணம். 1979-ன்னு தேதி போட்ட 500 பெசெட்டா நோட்டோட முன்பக்கத்துல ஒரு பெண்ணோட முகம் இருக்கும். திருப்பிப் பார்த்தா, ஒரு கல் வீடு. பொதுவா நோட்டுல அரண்மனையைப் போடுவாங்க, அணைக்கட்டைப் போடுவாங்க. இது ஒரு குடும்பம் குடியிருந்த சாதாரண வீடு.

அந்தப் பெண் ரோசலியா தெ காஸ்ட்ரோ. கவிஞர். வீடு இருக்கிற ஊர் பத்ரோன். ஸ்பெயினோட வடமேற்கு மூலையில, போர்ச்சுகலுக்கு மேலே இருக்கிற கலீசியா பகுதியைச் சேர்ந்தது. வீட்டுக்குப் பேர் 'அ மதான்சா'. 'வெட்டிக் கொல்றது'ன்னு அர்த்தம். கவிஞர் வீட்டுக்கு இப்படி ஒரு பேரான்னுதான் எனக்கும் முதல்ல தோணுச்சு.

கலீசியாவுக்குன்னு தனி மொழி இருக்கு. போர்ச்சுகீசியத்தோட கூடப்பிறந்த மொழி. இடைக்காலத்துல அரசவைப் பாடல்களே அதுலதான் எழுதினாங்க. அப்புறம் ஸ்பானிஷ் கை ஓங்கினதும் பல நூற்றாண்டுகள் அந்த மொழியில இலக்கியம்னு பெருசா எதுவும் வரலை. ஆனா வயல்லயும் மீன்பிடித் துறையிலயும் சமையல்கட்டுலயும் மக்கள் அதைத்தான் பேசினாங்க. படிச்சவங்க ஸ்பானிஷ் பேசுவாங்க, வேலைக்காரங்க கலீசியம் பேசுவாங்க. இதுதான் அன்னைய நிலைமை.

1837-ல சந்தியாகோ தெ கொம்போஸ்தெலாவுல ரோசலியா பிறக்குறாங்க. அம்மா பெரிய குடும்பம். அப்பா ஒரு பாதிரியார். அதனால ஞானஸ்நானப் பதிவேட்டுல 'பெற்றோர் தெரியவில்லை'ன்னு எழுதிட்டாங்க. குழந்தையைக் கிராமத்துல அப்பா வழி அத்தை வளர்த்தாங்க. பெரிய குடும்பத்து மகள் வேலைக்காரங்க மொழியைக் காதார கேட்டு வளர்ந்தது அப்படித்தான்.

1863-ல 'கந்தாரெஸ் கயேகோஸ்'னு ஒரு தொகுப்பு வருது. கலீசியப் பாடல்கள்னு அர்த்தம். அச்சுக்கு அனுப்பினதுல அவங்க கணவர், வரலாற்று ஆசிரியர் மனுவேல் முர்கியாவுக்குப் பெரிய பங்கு இருக்கு. இலக்கணம் படிக்காம, ஜனங்க பேச்சைக் கேட்டே எழுதினேன்னு முன்னுரையில ரோசலியா சொல்றாங்க. அன்னைக்கு அந்த மொழிக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, ஒழுங்கான எழுத்துமுறை கிடையாது. கலீசிய இலக்கியம் மறுபடி எழுந்தது அந்தப் புத்தகத்துல இருந்துன்னுதான் இன்னைக்கும் கணக்கு.

1880-ல அடுத்த தொகுப்பு, 'ஃபொயாஸ் நோவாஸ்'. அந்தக் காலத்துல கலீசிய ஆண்கள் பிழைப்புக்காகக் கப்பலேறி கியூபாவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போயிட்டிருந்தாங்க. புருஷன் உயிரோட இருந்தும் விதவை மாதிரி வாழ்ந்த பெண்களைப் பத்தி இதுல ஒரு முழுப் பகுதியே இருக்கு.

இதுக்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை.

1881-ல மாட்ரிட் பத்திரிகை ஒண்ணுல ரோசலியா ஒரு கட்டுரை எழுதினாங்க. கலீசியாவோட கடலோரச் சில ஊர்கள்ல இருந்ததா சொல்லப்படுற ஒரு பழைய வழக்கம் அதுல வருது. ரொம்ப நாள் கடல்ல இருந்துட்டு வர்ற மாலுமிக்கு, விருந்தோம்பல்னு சொல்லி வீட்டுப் பெண்ணையே ஒரு ராத்திரிக்குத் துணையா அனுப்புறது. கலீசியப் பத்திரிகைகள் கொதிச்சிடுச்சு. நம்ம மானத்தை வாங்கிட்டாங்கன்னு தாக்கினாங்க. அந்த மொழிக்கு மரியாதை வாங்கிக் கொடுத்ததே அவங்கதான்னு அப்போ யாருக்கும் ஞாபகம் வரலை.

அதே வருஷம் கணவருக்கு ஒரு கடிதம் எழுதுறாங்க. எத்தனை ஆயிரம் கொடுத்தாலும் இனிமே கலீசிய மொழியில எழுத மாட்டேன். 1884-ல வந்த அவங்க கடைசிக் கவிதைத் தொகுப்பு, சார் நதிக்கரையைப் பத்தினது, முழுக்க ஸ்பானிஷ்ல இருக்கு.

அந்தக் கடைசி வருஷங்கள் கழிஞ்ச வீடுதான் நோட்டுல இருக்கிற வீடு. கருப்பைப் புற்றுநோய். ஏழு பிள்ளை பெத்ததுல, ஒரு மகன் ரெண்டு வயசு கூட ஆகாம போயிட்டான், ஒரு குழந்தை இறந்தே பிறந்துச்சு. உடம்பு ரொம்ப மோசமான நேரத்துலயும் கடலைப் பார்க்கணும்னு கர்ரீல்ங்கிற கடற்கரை ஊருக்குப் போயிட்டு வந்தாங்க. 1885 ஜூலை 15, அந்த வீட்டுலயே மரணம். வயசு 48. ஜன்னலைத் திற, கடலைப் பார்க்கணும்னு கடைசியா கேட்டாங்கன்னு சொல்லுவாங்க. பத்ரோன் உள்நாட்டு ஊர். அந்த ஜன்னல்ல இருந்து கடல் தெரியாது.

இன்னொண்ணும் கேட்டாங்க. அச்சுக்குப் போகாத கையெழுத்துப் படிகளை எல்லாம் எரிச்சிடுன்னு மூத்த மகள்கிட்ட. மகள் எரிச்சிட்டாங்க.

அப்புறம் மரியாதை வரிசையா வந்தது. 1891-ல உடலைத் தோண்டி எடுத்து, ஊர்வலமா சந்தியாகோவுக்குக் கொண்டுபோய் பெரிய கல்லறையில வெச்சாங்க. 1947-ல அவங்க பேருல அறக்கட்டளை. 1963-ல இருந்து ஒவ்வொரு மே 17-ம் கலீசிய இலக்கிய நாள். அந்த முதல் புத்தகத்தோட சமர்ப்பணத்துல இருக்கிற தேதி அது. 1970-கள்ல வீடு அருங்காட்சியகம் ஆச்சு. இன்னைக்குப் போனா அடுப்படி, படுக்கையறை, தோட்டம் எல்லாம் பார்க்கலாம். அவங்க பிள்ளைகள்ல கடைசியா இருந்த காலா 1964-ல காலமானாங்க. பேரப்பிள்ளைகள் கிடையாது.

இந்த மரியாதை எல்லாம் பொய்னு நான் சொல்லலை. பத்ரோன் வீட்டுக்கு வர்ற பள்ளிப் பிள்ளைங்க இன்னைக்கு அந்த மொழியை வகுப்புல படிக்கிறாங்க. 1981-ல அது ஸ்பானிஷோட சேர்த்து ஆட்சிமொழியும் ஆயிடுச்சு. கவனிங்க, 1881-ல அவங்க பேனாவைக் கீழே வெச்சாங்க, சரியா நூறு வருஷம் கழிச்சு அந்த மொழிக்குச் சட்ட அந்தஸ்து.

ஆனா எனக்கு அந்த நாலு வருஷம் உறுத்துது. 1881-ல இருந்து 1885 வரைக்கும். அந்த நாலு வருஷத்துல கலீசிய மொழியில வந்திருக்க வேண்டிய கவிதைகள் எந்த அருங்காட்சியகத்துலயும் இல்லை. எரிஞ்சது கொஞ்சம், எழுதாமலே போனது மிச்சம்.

ஒரு கட்டுரை பிடிக்கலைன்னா மறுத்து எழுதலாம். தப்புன்னு நிரூபிக்கலாம். அது நியாயம். ஆனா ஆளையே நம்ம கூட்டத்தை விட்டு வெளியே தள்ளினா, அவங்க கூட நம்ம மொழியும்தான் வெளியே போகும். இப்போ நம்ம போன்ல அந்த வேலைக்கு ஒரு சாயங்காலம் போதும். அடுத்த தடவை யாரையாவது எல்லாரும் சேர்ந்து திட்டும்போது, நீங்களும் ஒரு வரி சேர்க்கிறதுக்கு முன்னாடி, அவங்க எழுதினதை ஒரு தடவை முழுசா படிச்சிடுங்க.