எபிசோட் 41: கட்டை வைத்து நிறுத்திய ஃபோர்க்லிஃப்ட்

போன வாரக் கடைசியில் லேப்டாப்பை மூடிவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் மாமாவோட ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஃபோர்க்லிஃப்ட் சர்வீஸ் பண்றார். சனிக்கிழமை காலையில் ஒரு குடோனிலிருந்து மூணு டன் டீசல் வண்டியை லாரியில் ஏத்திட்டு வந்தாங்க. புகார் ஒரே வரிதான்: "ஹேண்ட்பிரேக் நிக்கல."

கூட வந்த ஆபரேட்டர் அண்ணன் கதையைச் சொன்னார். நாலு மாசமா சரிவில் நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்துக்கு மரக்கட்டை வைப்பாராம். வெள்ளிக்கிழமை டீக்குப் போற அவசரத்தில் மறந்துட்டார். வண்டி மெதுவா உருண்டு போய்ச் சுவரில் இடிச்சு நின்னிருக்கு. ரெண்டு நிமிஷம் முன்னாடி வரை அந்தச் சுவரோரம் ஒரு பையன் உட்கார்ந்து பெட்டி எண்ணிட்டு இருந்தானாம்.

"கியரில் விட்டா நிக்காதா?"ன்னு கேட்டேன். என் பைக் அறிவு அவ்வளவுதான்.

"இது டார்க் கன்வெர்ட்டர் வண்டி மாப்ள. இன்ஜினை நிறுத்தினா கியரைப் பிடிக்கிற ஆயில் பிரஷர் போயிடும். ஆட்டோமேட்டிக் காரில் இருக்கிற 'பார்க்'கும் இதுல கிடையாது. ஆள் இறங்கிட்டா ஹேண்ட்பிரேக் மட்டும்தான்."

மூணு டன் தூக்குற இந்த வண்டியோட சொந்த எடையே நாலு டன்னுக்கு மேல!

வேலையை ஆரம்பிச்சோம். ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, சாவியை எடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை வச்சோம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஃபிரேமுக்குக் கீழே கனமான மரத்துண்டுகளைக் கொடுத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக்கூடாது. சக்கரம், ஆக்சில் ஷாஃப்ட் எல்லாம் கழட்டி டிரம்மை இழுத்தா, உள்ளே பிரேக் ஷூ ரெண்டும் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. ஆயில் சீல் கசிஞ்சிருக்கு. ஹேண்ட்பிரேக் கேபிளும் துருப்பிடிச்சுப் பாதி இழை அறுந்திருந்தது.

நான் ஏர் ஹோஸை எடுத்தேன். மாமா கையைப் பிடிச்சுட்டார். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைப் பறக்க விடக்கூடாது. "சரி, ஷூவைத் துடைச்சுப் போட்டுடலாமா?"

"லைனிங் எண்ணெய் குடிச்சா குடிச்சதுதான். சூடானா திரும்பக் கக்கும்."

ரெண்டு பக்கமும் புது ஷூ, புது சீல், புது கேபிள். முதலில் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளியைச் சரிபண்ணணும், அப்புறம்தான் கேபிள் டென்ஷன். ஆபரேட்டர் அண்ணன் தலைகீழா, லிவர் நுனியில் இருக்கிற குமிழை மட்டும் வாராவாரம் முறுக்கிட்டே இருந்திருக்கார். லிவர் டைட்டா இருந்ததால் உள்ளே இருந்த கோளாறு தெரியவே இல்லை.

அமெரிக்காவின் ஓஷா விதியை அப்புறம் படிச்சேன். ஆபரேட்டர் வண்டியை விட்டு 25 அடி தள்ளிப் போனாலே ஃபோர்க்கை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டிருக்கணும். சரிவில் நிறுத்தினா சக்கரத்துக்குக் கட்டையும் வைக்கணும். அதாவது, பிரேக்கோடு சேர்த்துத்தான் கட்டை. பிரேக்குக்குப் பதிலா இல்லை.

சாயங்காலம் ஷெட் சரிவில் ஆள் யாரும் இல்லாமப் பார்த்து, லிவரைப் போட்டு, கால் பிரேக்கை மெதுவா விட்டார் மாமா. வண்டி அசையல. ஆபரேட்டர் அண்ணன் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னார்.

என் ஆபீஸ் சர்வரைத் தினமும் ராத்திரி ரீஸ்டார்ட் பண்ற ஸ்கிரிப்ட் ஒண்ணு இருக்கு. மேலே 'தற்காலிகம்'னு நான் போட்ட கமென்ட்டுக்கு எட்டு மாசம் ஆச்சு. திங்கட்கிழமை முதல் வேலை அதுதான்.

உங்க இடத்துல கட்டை எது? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.