தீவாந்தரம் சென்ற மூதாதை



வமிசாவளியில் ஒரு பெயர் விடுபட்டுள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கேட்டால், ‘தீவாந்தரம் போனவர்’ என்று முதியோர் பேச்சை முடித்துவிடுவர். அங்ஙனம் சென்றோர் என்ன ஆயினர்?

1825இல் சுமத்திராவின் பெங்கூலனிலிருந்து சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டோருள் சென்னை இராஜதானிக் கைதிகளும் இருந்தனர். ஆயுட்சிட்சை பெற்றோர் நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849இல்தான் ஒழிந்தது. 1862இல் பிரதிஷ்டையான சிங்கப்பூர்ப் புனித ஆண்ட்ரூ தேவாலயம் இந்தியக் கைதிகள் கட்டியதே. சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கூட்டிய சென்னைச் சாந்தை அதன் சுவர்களிற் பூசினர். 1873இல் அக்கைதிச்சாலை மூடப்பட்டது. விடுதலை பெற்றோர் பலர் அங்கேயே குடியேறினர்.

ஆதலின், அவர் பெயர், தந்தை பெயர், ஊர், ஆண்டு ஆகிய நான்கையும் முதியோரிடம் கேட்டெழுதி, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுவோமாக. குற்றத்தைக் கும்பினியார் நெற்றியில் எழுதினர். பெயரை வமிசாவளியில் நாம் எழுதுவோமாக.