மறுபிறப்பா? மறுமலர்ச்சியா?



‘மறுமலர்ச்சிக்கு வேர் பழமையே’ என்பது எங்கள் கட்சி. எதிரணி நண்பர் என்ன சொன்னார்? “ஆயிரம் வருஷம் ஐரோப்பா செத்துக் கிடந்தது, புதுமை வந்து உயிர் கொடுத்தது” என்றார். ஐயா, அவர் மேல் தப்பே இல்லை. அந்தச் சொல் அப்படி!

‘ரினசான்ஸ்’ பிரெஞ்சுச் சொல். ‘ரி’ என்றால் மறுபடியும், ‘நெசான்ஸ்’ என்றால் பிறப்பு. இத்தாலிய ஓவியர் வசாரி, கலைஞர்களின் வரலாற்றை 1550-இல் வெளியிட்டபோதே ‘ரினாஷிதா’ என்றார். அதுவும் மறுபிறப்புதான். 1855-இல் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் மிஷ்லே தம் நூலின் ஒரு தொகுதிக்கு அதையே தலைப்பாக வைத்தார். சொல் நிலைத்துவிட்டது.

சரி. மறுபடி பிறக்கணும்னா முதல்ல என்ன செய்யணும்? சாகணும்! (சிரிப்பு)

செத்தா கிடந்தது? ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் நூலை 1417-இல் போஜ்ஜோ என்பவர் ஜெர்மானிய மடாலயத்தில் கண்டெடுத்தார். எடுத்தவர் பேர் தெரியுது. வெச்சிருந்தவர் பேர்? 9-ஆம் நூற்றாண்டில் அதே நூலைப் பார்த்து எழுதிய இரண்டு படிகள் ஹாலந்தின் லைடன் நகரில் இன்னும் இருக்கின்றன. ஒவ்வோர் எழுத்தாக எழுதி வைத்தார்களே, அது எப்போ? நண்பர் செத்துப்போச்சுன்னு சொன்ன ஆயிரம் வருஷத்துக்குள்ளேதான்! (கைதட்டல்)

“அச்சு புதுமைதானே?” என்றார். ஆமாம். அந்தப் புதுமை எதை அச்சடிச்சுது? வெனிஸ் நகரத்து ஆல்டஸ் 1495-இல் அரிஸ்டாட்டிலைக் கிரேக்கத்திலேயே அச்சிடத் தொடங்கினார். அரிஸ்டாட்டில் மறைந்து அப்போது 1,800 வருஷம்! யந்திரம் புதுசு, சரக்கு பழசு.

இப்போ நம்ம தமிழைப் பாருங்க. ‘மறுபிறப்பு’ என்று நேராகப் பெயர்க்கவில்லை. ‘மறுமலர்ச்சி’ என்றது. மல்லிகைத் தோட்டத்தில் கவாத்துப் பண்ணுவாங்க, பார்த்திருக்கீங்களா? மொட்டைக் குச்சிதான் நிக்கும். பட்டுப்போச்சுன்னு நினைப்போம். வெயில் காலத்தில் கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். ஏன்? வேர் சாகலை!

1894-இல் உ.வே.சா. புறநானூற்றைப் பதிப்பித்தாரே, அது வானத்திலிருந்தா விழுந்தது? பழைய ஏடு சிதையச் சிதைய, யாரோ புது ஏட்டில் பெயர்த்தெழுதிக்கொண்டே வந்தார்கள். பலருக்குப் பேர்கூட இல்லை. அவர்கள் ஒரு தலைமுறை சோம்பியிருந்தால், ஐயர் எதைப் பதிப்பிப்பார்? நாம் எதைப் பேசுவோம்?

‘பிறந்தது’ என்றால் பெற்றவனுக்கு மட்டும் பெருமை. ‘மலர்ந்தது’ என்றால் தண்ணீர் ஊற்றினவனுக்கும் பங்கு உண்டு. அந்தப் பேரில்லாத கைகளுக்கு உரிய பங்கைக் கொடுத்து, வேர் பழமையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.