கண்ணாடிப் பெட்டிக்குள் பாலைவனம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் காலையில் நடப்பவர்கள் பாறை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நேரம் வெயில் காயும். உடம்பு சூடேறியதும் நிழலுக்கு ஓடிவிடும். தன் உடற்சூட்டைச் சரிசெய்ய அதற்குத் தெரிந்த வழி அதுதான்.

ஆஸ்திரேலியத் தாடி ஓணான் போன்ற வறண்ட நிலத்துப் பிராணிகளை வளர்ப்பவர்கள் இந்த வெயிலையும் நிழலையும் பெட்டிக்குள் கொண்டுவர வேண்டும். நான்கடி நீளப் பெட்டி. ஒரு முனையில் விளக்கடியில் 40 டிகிரி, மறுமுனையில் 25 டிகிரி, அங்கே ஒளிந்துகொள்ள ஓரிடம். நம்மூர் சித்திரையில் சூட்டுக்கா பஞ்சம்? அந்தக் குளிர்ந்த மூலைதான் பெரும்பாடு!

வெயிலுக்குப் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் போதும் என்பார்கள். போதாது. ஜன்னல் கண்ணாடி புற ஊதா-பி கதிரைத் தடுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் வைட்டமின் டி குறைந்து எலும்பு வளையும். அந்தக் கதிருக்கென்றே விற்கும் விளக்குதான் வேண்டும். மூடிய பெட்டிமேல் நேர்வெயில் விழுந்தால், உள்ளே இருப்பது உயிர் பிழைக்காது.

வறண்ட நிலத்துப் பிராணிதானே என்று ராஜஸ்தான், கட்ச் பகுதி முள்வால் பல்லியை வளர்க்க ஆசைப்படாதீர்கள்; அது 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. அயல்நாட்டு முள்வால் பல்லி என்றால், 2024 விதிகளின்படி ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். வாங்குமுன் விற்பவரிடம் ஆவணத்தைக் கேளுங்கள்; இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள்.