மெய்வலியும் பொய்வலியும்

தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். தில்லியிலும் மும்பையிலும் குடியிருக்கும் சகோதரிகள் பலருக்கு அது வாய்ப்பதில்லை. நள்ளிரவில் வயிறு வலித்தால், ‘இது சூட்டுவலிதான்’ என்று சொல்லச் சீரகக் கஷாயத்துடன் பாட்டி அருகில் இருக்கமாட்டாள். ஆகவே கடிகாரத்தைத் துணைக்கொள்ளுங்கள்.

பொய்வலி ஒழுங்கின்றி வரும். சற்று உலாவினாலோ படுத்தாலோ தணியும். மெய்வலி பெரும்பாலும் இடுப்பின் பின்புறம் தொடங்கி அடிவயிற்றுக்குப் பரவும். இடைவெளி குறுகிக்கொண்டே வரும். 5 நிமிடத்திற்கு ஒருமுறையாக ஒரு மணி நேரம் தொடர்ந்தால் புறப்படவேண்டியதுதான். மருத்துவமனை தொலைவானால் அதற்கும் முன்பே. இரத்தம் சிறிது கலந்த சளி போன்ற கசிவு ஓரிரு நாள் முன்னரே தோன்றலாம், அதற்கு அஞ்சவேண்டாம்.

ஆனால் பனிக்குடம் உடைந்தால் வலிக்காகக் காத்திராதீர்கள். சிலருக்கு அது சொட்டுச் சொட்டாகவே கசியும். சிறுநீரென்று எண்ணி ஏமாறுவதுண்டு. நீர் பச்சையாயிருந்தாலும், உதிரம் பெருகினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், 37 வாரம் நிறையுமுன் வலி கண்டாலும் தாமதம் கூடவே கூடாது. பல மாநிலங்களில் 102 அல்லது 108 என்ற எண்ணுக்கு ஆம்புலன்ஸ் வரும். அண்டை வீட்டு அம்மையாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அவருக்குத் தமிழ் தெரியாவிடினும், ‘தர்த்’, ‘பானி’ என்ற இரு இந்திச் சொற்கள் அந்த வேளைக்குப் போதும்.