பயாலஜி குரூப்பா, மேத்ஸ் குரூப்பா? இந்தச் சுவரை முதலாண்டிலேயே உடைப்போம்!

(கல்லூரி முதலாண்டு மாணவர்களுக்காக நமது தகவல் தொழில்நுட்ப அணி நடத்திய வழிகாட்டி நிகழ்ச்சியில், அணியின் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். முழுசாப் படிங்க. புதுசா காலேஜ் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்குப் பகிருங்க.)



நான் பெரிய பேச்சாளர் இல்லைங்க. போஸ்டர் டிசைன் பண்றது, கூட்டத்தை நேரலை போடுறது, இதுதான் அணியில என் வேலை. "எஞ்சினியரிங் முடிச்சவன்தானே, பத்து நிமிஷம் நீ பேசு"ன்னு அமைப்பாளர் அண்ணன் சொல்லிட்டாங்க. அதான் வந்துட்டேன்.

ஒரு கேள்வி. "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு பியூர் சயின்ஸ் எடுத்தவங்க கை தூக்குங்க. சரி. "பயாலஜின்னா மனப்பாடம்"னு கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவங்க? பாருங்க, பாதி அரங்கம் கை தூக்கியாச்சு. நானும் தூக்குறேன். நான் ரெண்டாவது ரகம்.

பதினைந்து வயசுல, பத்தாம் வகுப்பு மார்க்கை வச்சு, பல வீடுகள்ல வேற யாரோ எடுத்த முடிவு அது. அந்த முடிவைத் திருத்திக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு வருது. அதுதான் காலேஜ்ல வர்ற அடிப்படைப் பாடங்கள். எஞ்சினியரிங் பசங்களுக்கு உயிரியல் பேப்பர் வரும். 2018-ல் ஏ.ஐ.சி.டி.இ. வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டத்திலேயே 'பொறியாளர்களுக்கான உயிரியல்' இருக்கு. உயிரியல் படிக்கிறவங்களுக்கு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரும். ரெண்டு பக்கமும் அதை என்ன பண்றோம்? "இது நமக்கு எதுக்கு, பாஸ் ஆனா போதும்"னு தள்ளி வைக்கிறோம்.

நானும் அப்படித்தான். பரீட்சைக்கு முந்தின ராத்திரி சீனியர் நோட்ஸைப் படிச்சு அந்த உயிரியல் பேப்பரைத் தாண்டினேன். அதுக்கான விலையை 2021-ல் கொடுத்தேன்.

கொரோனா ரெண்டாவது அலை. அப்பாவுக்கு ரெண்டு நாளா இருமல், உடம்பு வலி. ரேபிட் டெஸ்ட் எடுத்தோம். நெகட்டிவ். ரிப்போர்ட்டைக் கையில வாங்கினது நான்தான். "நெகட்டிவ்தாம்பா, ஒண்ணுமில்ல"ன்னு சொன்னதும் நான்தான். அடுத்த நாள் வீட்டோட சின்னதா அக்காவுக்கு வளைகாப்பு. அப்பா எல்லாருக்கும் பந்தி பரிமாறினார். அஞ்சாவது நாள் அப்பத்தாவுக்கு மூச்சுத் திணறல். பதினோரு நாள் ஆக்ஸிஜன்ல இருந்து மீண்டு வந்தாங்க. இன்னைக்கும் அவங்க படியேறும்போது நடுவுல நின்னு மூச்சு வாங்குறதைப் பார்த்தா எனக்கு உறுத்தும்.

யார் மேலயும் பழி போட இதைச் சொல்லல. அந்தக் கணக்கு ஏற்கெனவே வெளியாகியிருந்தது, எனக்குத் தெரியல, அவ்வளவுதான். 2020 ஜூனிலேயே ஐ.சி.எம்.ஆர். தெளிவா அறிவித்திருந்தது. முதலில் அனுமதிக்கப்பட்ட ரேபிட் ஆன்டிஜன் கிட்டை ஐ.சி.எம்.ஆர்., எய்ம்ஸ் இரண்டும் சோதித்ததில், அது தொற்றைச் சரியாகக் கண்டுபிடிக்கும் திறன் 50.6 சதவீதம் முதல் 84 சதவீதம் வரைதான். அதாவது உண்மையிலேயே தொற்று உள்ள 100 பேருக்கு எடுத்தா, 16 பேர் முதல் 49 பேர் வரை 'நெகட்டிவ்'னு சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவாங்க. தொற்று இல்லாதவரை 'இல்லை' என்று சொல்லும் திறனோ 99.3 சதவீதத்துக்கு மேல். அதனால பாசிட்டிவ்னு வந்தா நம்பலாம். அறிகுறி இருந்தும் நெகட்டிவ்னு வந்தா, ஆர்.டி.பி.சி.ஆர். எடுத்தே ஆகணும். இதைப் புரிஞ்சுக்க கால்குலஸ் வேணுமா? எட்டாம் வகுப்பு சதவீதம் போதும். கூடவே, ஒரு டெஸ்ட் எதைத் தேடுதுங்கிற கொஞ்சம் உயிரியல். எனக்கு ரெண்டும் தனித்தனி டப்பாவுல இருந்தது.

தங்கைகளே, இப்போ உங்க பக்கம் வர்றேன். (a + b)² ஞாபகம் இருக்கா? a² + 2ab + b². "இது வாழ்க்கையில எங்க வரும்"னு கேட்டிருப்பீங்க. உங்க பயாலஜியிலதான் வருது!

1908. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் 'ஓங்கு' பண்பு, தலைமுறை போகப் போக எல்லாரிடமும் பரவிடாதான்னு உயிரியலாளர்களுக்கு ஒரு குழப்பம். பன்னெட் என்ற மரபியலாளர் அதைத் தன் நண்பரான கணிதப் பேராசிரியரிடம் கொண்டு போனார். அவர் யார் தெரியுமா? நம்ம ராமானுஜனை 1914-ல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டி! இந்தப் பெருக்கலை வச்சே, அப்படித் தானாகப் பரவாது, விகிதம் நிலையாகவே இருக்கும்னு 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மன் மருத்துவர் வெயின்பெர்க் அதே வருஷம் தனியாகக் கண்டுபிடித்தார். நீங்க படிக்கப்போற ஹார்டி–வெயின்பெர்க் விதி அதுதான்.

நம்ம மண்ணுக்கு வருவோம். நீலகிரி பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-லேயே பதிவானது. ஒரு ஊரில் அந்த மரபணுவின் பங்கு பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். திருமணங்கள் எந்த வடிகட்டலும் இல்லாமல் நடக்குதுன்னா, a = 0.9, b = 0.1. நோய் உள்ளவர்கள் b², அதாவது 100-க்கு 1. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் 2ab, அதாவது 100-க்கு 18 பேர்! நோயாளி ஒருத்தர் கண்ணுக்குத் தெரியுறார். பதினெட்டுப் பேர் நல்லா நடமாடுறாங்க, யாருக்கும் தெரியாது.

அப்படிப்பட்ட ரெண்டு பேர் கல்யாணம் பண்ணா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர வாய்ப்பு நாலில் ஒன்று. "அப்போ நாலு பிள்ளையில ஒண்ணுக்கு வரும், மூத்தவனுக்கு வந்துடுச்சு, இனி பயமில்ல"ன்னு நினைச்சா அது ஆபத்தான தப்பு. ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதுசா அதே கால் பங்கு வாய்ப்புதான். நாலு பேருக்குமே வராமல் இருக்க வாய்ப்பு 256-ல் 81, கிட்டத்தட்ட 32 சதவீதம். 2023-ல் தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தின் இலக்கு 7 கோடி பேருக்குப் பரிசோதனை. அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து ஒரு தாய்க்கு விளக்கப்போறது யாரு? நர்ஸிங், லேப் டெக்னாலஜி, விலங்கியல் படிக்கிற நீங்கதான். கணக்கு வராதுன்னு சொல்லிட்டு அந்தத் தாய் முன்னால நிற்க முடியுமா?

இந்தச் சுவரைத் தாண்டினவங்க நம்ம ஊர்லயே இருந்தாங்க. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜி.என்.ராமச்சந்திரன், 1954-ல் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைச் சொன்னார். 1963-ல் அவர் குழு போட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்னைக்கும் உலகம் முழுக்க பயோகெமிஸ்ட்ரி மாணவர்கள் படிக்கிற பாடம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கின கையோட கலிஃபோர்னியா போய், மறுபடி மாணவனா உட்கார்ந்து உயிரியல் படிச்சார். 2009-ல் வேதியியல் நோபல் பரிசு. டாக்டர் பட்டம் வாங்கினவரே வெட்கப்படாம அடிப்படையில இருந்து படிச்சாருன்னா, நமக்கு என்ன கூச்சம்?

அதனால மூணே மூணு வேண்டுகோள்.

👉 ஒண்ணு: விட்டுப்போன பாடத்தின் பள்ளிப் புத்தகத்தை எடுங்க. தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்துல இலவசமாவே கிடைக்குது. விகிதம், சதவீதம், மடக்கை, வரைபடம், நிகழ்தகவு இந்த அஞ்சும் போதும்.

👉 ரெண்டு: எந்தச் சதவீதத்தைப் பார்த்தாலும் "எத்தனை பேர்ல எத்தனை பேர்?"னு மாத்திக் கேளுங்க. வாட்ஸ்அப் ஃபார்வேர்டு, மருந்து விளம்பரம், ஏன், நாங்க போடுற போஸ்டரா இருந்தாலும் கேளுங்க!

👉 மூணு: பயாலஜி படிச்ச ஒருத்தர், மேத்ஸ் படிச்ச ஒருத்தர் ஜோடி சேர்ந்து படிங்க. சந்தேகத்தைத் தமிழ்லயே கேளுங்க. புரியாம ஆங்கிலத்துல எழுதுறதைவிட புரிஞ்சு தமிழ்ல பேசுறது மேல்.

கல்லூரி நிர்வாகங்களுக்கும் ஒரு கோரிக்கை. முதல் வாரங்கள்ல நடத்துற பிரிட்ஜ் கோர்ஸை அட்டெண்டன்ஸ் கணக்குக்காக நடத்தாதீங்க. வீட்டுல கேட்டுத் தெரிஞ்சுக்க ஆளில்லாத முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வகுப்புதான் அண்ணன், அக்கா எல்லாம். அங்க கைவிட்டா, அவங்க அரியர் வச்சு, "நமக்கு மண்டையில ஏறல"ன்னு தன்னையே குறை சொல்லிட்டு வெளியே போயிடுவாங்க.

பதினைந்து வயசுல யாரோ போட்ட கோடு அது. அதை அழிக்கிற ரப்பர் இப்போ உங்க கையில இருக்கு.

 

#முதல்தலைமுறைப்பட்டதாரி #உயர்கல்வி #கணக்கும்உயிரியலும்